திராட்சை மாலைக்கு நின்ற ஹெலிகாப்டர்

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. பிரியாணியில் ஒரு குறையும் இருக்காது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்கிற கேள்விதான் தொண்டையில் நிற்கும். "ஏரோப்ளேன்லதான வேல? பறக்குறப்ப பயமா இருக்காதா?" நான் பறப்பதில்லை என்றால், "அப்ப டிக்கெட்டு கிழிக்கிறியாக்கும்" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் முகத்தில் ஒரு இரக்கம் வரும். பாவம், பெட்டி தூக்குகிற வேலை போலிருக்கிறது, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறது என்று அவர்களாகவே முடிவுசெய்து, இன்னொரு துண்டு கறியை என் தட்டில் வைப்பார்கள்.

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. மதுரை விமான நிலையத்து டவரில் உட்கார்ந்து, எது எப்போது கிளம்பலாம், எது எப்போது இறங்கலாம், எது அதுவரை வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவோம். அத்தா என் வேலையை ஊருக்கு ஒரே மூச்சில் விளக்கிவிடுவார். "எம் மக ம்னு சொன்னாத்தேன் எந்திரிக்கும். ம்ஹூம்னு சொன்னா நின்ன எடத்துலயே நிக்கும்." அலகாபாத்தில் மாதக்கணக்கில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த படிப்பை அவர் இப்படிச் சுருக்கியது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது மதுரைக்கு வருகிற விமானங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிறகு குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. செருப்புப் போட்டவனெல்லாம் பறக்கலாம் என்றார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம், கம்பத்துக்காரனும் போடிக்காரனும் பறக்கட்டும். ஆனால் வானத்தில் வண்டி கூடிய அளவுக்கு டவரில் நாற்காலி கூடவில்லை. கேட்டால், கோப்பு டெல்லியில் இருக்கிறது என்பார்கள். எங்கள் துறையில் எதைக் கேட்டாலும் அது டெல்லியில்தான் இருக்கும்.

விமானம் பூப்போல இறங்கினால் பயணிகள் பைலட்டுக்குக் கைதட்டுவார்கள். தாமதமானால் அதே பைலட் மைக்கைப் பிடித்து, கட்டுப்பாட்டு அறையின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். பெட்டி ஏற்றியவன் தூங்கியிருப்பான், சாப்பாட்டு வண்டி வராமல் இருந்திருக்கும், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் எங்களைத் திட்டுவார்கள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடப்போகிறார்கள்? ஆனாலும் சொல்கிறேன், என் வேலையில் எனக்குக் கொள்ளைப் பெருமை. பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் என்னை ஒதுங்கி நிற்கச் சொன்ன எந்தப் பெரிய மனுஷனும் நான் சொல்லாமல் மதுரையில் இறங்க முடியாது.

இரண்டாயிரத்து ஆறின் தொடக்கத்தில், பெரிய நகரத்து விமான நிலையங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து நாங்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். அத்தாவின் கட்சி அதை ஆதரித்தது. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அவர் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார்.

"தனியார் வந்தா நல்லதுதான தாயி? பஸ்ஸையே எடுத்துக்க. ப்ரைவேட் பஸ்ஸுதேன் டயத்துக்கு வருது."

"ஆமா, ஆண்டிபட்டிக் கணவாயில எவனையும் பாக்காம முந்திக்கிட்டு வந்தா டயத்துக்கு வரத்தான் செய்யும். வானத்துலயும் அப்படி முந்தச் சொல்றீகளா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க" என்று சத்தம்போட்ட பிறகுதான் அந்த விவாதம் முடிந்தது. ஜெயித்தது நான்தான்.

அத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அங்கே அவருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. என் வயதைவிட அதிக காலம் ஒரே கட்சிக் கொடியைத் தூக்கியவர். போஸ்டர் ஒட்டியிருக்கிறார், வேன் பிடித்து ஆள் அனுப்பியிருக்கிறார், மறியலில் அடிபட்டிருக்கிறார். பதவி என்று ஒன்று அவருக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் பேரூராட்சித் தலைவர் சீட்டு அவருக்குத்தான் என்பார்கள், கடைசி நேரத்தில் வேறு யாருக்காவது போய்விடும். அவரும் மறுநாள் காலையில் அந்த ஆளுக்கே ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிடுவார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்த வருடக் கோடையில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதையொட்டி உள்ளாட்சித் தேர்தலும் வர இருந்தது. கட்சியின் தலைவர் எங்கள் ஊருக்கு முதல்முறையாக ஹெலிகாப்டரில் வருவதாக ஏற்பாடு. ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்துக்கு முழுப் பொறுப்பும் அத்தாவிடம் கொடுத்தார்கள். இது நல்லபடியாக முடிந்தால் சீட்டு உறுதி என்று மாவட்டத்தில் பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். அத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் எனக்கு போன்.

"தாயி, ஹெலிகாப்டர் எறங்குற எடத்துல எச்சு எழுத்து எம்புட்டுப் பெருசாப் போடணும்?"

"அத அதிகாரிக வந்து போட்டுக்கிருவாக அத்தா. நீங்க தண்ணிய மட்டும் நல்லாத் தெளிங்க. பக்கத்துல பந்தல், தோரணம், கொடிக்கம்பு ஒன்னும் ஆகாது. காத்துல பிச்சுக்கிட்டுப் போயி ரெக்கையில மாட்டிக்கிரும்."

"கொடி இல்லாம எப்படித்தா தலைவர எறக்குறது?"

"எறங்குன பெறகு நட்டுக்கங்க."

சொன்னதை அப்படியே செய்தார். ஆனால் மகளிர் அணியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவர்கள் விடியற்காலையிலேயே வந்து அந்த எழுத்தைச் சுற்றிப் பெரிய கலர்க் கோலம் போட்டுவிட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்கியதும் கோலம் மொத்தமும் எழும்பி, இறங்கி வந்த தலைவரின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். அத்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எனக்குத் தெரியாமல் அத்தா வைத்திருந்த இன்னொரு ஏற்பாடு திராட்சை மாலை. எங்கள் பள்ளத்தாக்கில் தலைவர்களுக்குத் திராட்சையில் மாலை போடுவது பெரிய மரியாதை. பன்னீர்த் திராட்சையில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருந்தார். நாலு பேர் தூக்கினார்கள். மேடைக்கு ஏற்றுவதற்குள் பாதிப் பழம் நசுங்கி, தூக்கியவர்களின் சட்டை எல்லாம் சாறு. மாலையைத் தலைவர் கழுத்தில் போட முடியாமல், அவரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். தலைவர் அத்தாவின் தோளில் கைபோட்டு, "அடுத்த தலைவர் நீங்கதானே?" என்று கேட்டதை மைக் ஊருக்கே சொன்னது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு ஊர் இவ்வளவு பெரிய மாலை போட்டால் மற்ற ஊர்க்காரன் சும்மா இருப்பானா? ஒவ்வொரு கிளையும் வரிசையில் வந்து பொன்னாடை போர்த்தியது. போர்த்தியவன் போட்டோ எடுக்காமல் நகரமாட்டான். போட்டோ எடுத்தவன் தன் மச்சினனையும் மேடைக்குக் கூப்பிடுவான். எங்கள் ஊரில் பொன்னாடை வரிசையை நிறுத்துவதும் சாவு வீட்டில் சிரிப்பதும் ஒன்று, அந்தப் பாவத்தை யாரும் செய்யமாட்டார்கள். தலைவர் பேச ஆரம்பிப்பதற்கே வெயில் சாய்ந்துவிட்டது.

நான் டவரில் இருந்தேன். இந்த மாதிரி ஹெலிகாப்டர் கண்ணால் பார்த்து ஓட்டுவது. மலை தெரிய வேண்டும், ரோடு தெரிய வேண்டும். அதனால் பொழுது அடையும்போது மதுரைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி. காலையில் மதுரையிலிருந்து கிளம்பும்போதே பைலட்டிடம், மாலை ஆறுக்குமேல் அங்கிருந்து எழும்பாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். நடுவில் மலை மறைப்பதால், வயலில் நிற்கிற ஹெலிகாப்டரோடு எங்கள் வயர்லெஸ்ஸில் பேச முடியாது, போனில்தான் பேச வேண்டும். பைலட் வடக்கத்திக்காரர். ஐந்தரைக்குக் கூப்பிட்டு, "மேடம், இன்னும் துணி போர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். முடிகிற மாதிரி தெரியவில்லை" என்றார். அவர் குரலில் அழுகை மட்டும்தான் பாக்கி.

ஆறு தாண்டியது. வருசநாட்டு மலைப் பக்கம் கோடை மழைக்கான மேகம் கறுத்துக் கிடந்தது எனக்கு டவரிலிருந்தே தெரிந்தது. பைலட் மறுபடி கூப்பிட்டார். தலைவர் கிளம்பச் சொல்கிறார், ஹெலிகாப்டர் கம்பெனியும் கிளம்பச் சொல்கிறது, நீங்கள் சம்மதம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் முடியாது என்று சொன்னால் நாளைக்கு வேறு பைலட் வருவார். நீங்கள் சொன்னால் நல்லது மேடம்."

இதுதான் எங்கள் தொழிலின் அரசியல். வெளியில் நடக்கிற கட்சி அரசியல் இதன் முன்னால் தூசி. பறக்கக் கூடாது என்று பைலட்டுக்குத் தெரியும், சொன்னால் வேலை போகும். கம்பெனிக்கும் தெரியும், சொன்னால் வாடகை போகும். அந்த ஒரு வார்த்தையை ஆளாளுக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் அது டவருக்கு வரும். நான் சம்மதம் கிடையாது என்றேன்.

உடனே தலைவரின் உதவியாளர் போனைப் பிடுங்கினார். யாரிடம் பேசுகிறேன் என்று தெரிகிறதா, டெல்லியில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கத்தினார். "இந்த போன்ல பேசுறது எல்லாம் பதிவாகும் சார். நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டார். அடுத்து என் மேலதிகாரி டவருக்கே ஏறி வந்தார். அவருக்கும் போன் போயிருந்தது. "நான் ஒன்னும் சொல்லலம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாமேன்னுதான்" என்று இழுத்தார்.

"எழுதிக் குடுங்க சார். இப்பவே விட்டுர்றேன்."

அவர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். பிறகு வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை போன் அடித்தபோது கேட்டது அத்தாவின் குரல். டவரில் இருப்பது இவர் மகள் என்று எவனோ சொல்லிக்கொடுத்து, போனை அவர் கையில் திணித்திருக்கிறார்கள். பின்னால் அத்தனை கூட்டச் சத்தம். முப்பத்தைந்து வருடக் கொடி, மறியல், அடி எல்லாம் அந்த ஒரு போனில் வந்து நின்றது.

"தாயி, சட்டத்துக்காகச் சொல்றியா, இல்ல நெசமாவே ஆபத்தா?"

"ரெண்டுந்தேன் அத்தா. மலைக்கு மேல மேகம் எறங்கிக் கெடக்கு. பாதி வழியில இருட்டிரும்."

"நான் அதுல வர்றதா இருந்தா விடுவியா?"

"விட மாட்டேன்."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் வயர்லெஸ்ஸில் சென்னை விமானத்துக்குப் பதில் சொன்னேன்.

அங்கே நடந்ததை அங்கிருந்த எங்கள் சித்தப்பா பிறகு சொன்னார். தலைவர் முகம் சிவந்து, "யாருய்யா பறக்கக் கூடாதுன்னு சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். அத்தா முன்னால் போய், "எம் மகதேன்யா. டவர்ல இருக்கு" என்றிருக்கிறார்.

"எடுத்துச் சொன்னீங்களா?"

"சொல்லலைங்கய்யா. அது ம்ஹூம்னா ம்ஹூம்தேன். நீங்க கார்ல போயிருங்க."

அப்போதுதான் ஒரு ஏலக்காய் வியாபாரி, கட்சிக்கு நேற்று வந்தவர், தன் புது வெள்ளைக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். தலைவர் அதில் ஏறிப் போய்விட்டார். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. கார் ஊர்ந்துதான் மதுரைக்குப் போனது. அவ்வளவு நேரமும் ஏலக்காய்க்காரர் தலைவருக்குப் பக்கத்தில். சீட்டு எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹெலிகாப்டர் வயலிலேயே கிடந்தது. பைலட்டை அத்தா வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டார். காவலுக்கு போலீஸ் இருந்தும் அவருக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் கோம்பை நாயைக் கொண்டுபோய் ஹெலிகாப்டர் பக்கத்தில் முளையடித்துக் கட்டிவிட்டார். காலையில் பைலட்டால் தன் வண்டிக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. தொப்பி, சட்டை, பட்டை எதற்கும் அது மசியவில்லை. அத்தா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிப்போய் அவிழ்த்த பிறகுதான் ஹெலிகாப்டர் எழும்பியது. "எங்க வீட்டுல யாருமே லேசுல விட மாட்டாக" என்று பைலட்டிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. விதியை எழுதிக் கொடுத்தேன், போன் பதிவைக் கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த மெமோவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டார். "ஒரு தடவ விட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஊரு ஒலகத்துல எவனும் இருட்டுல பறக்கலையா?" அத்தா தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே திராட்சைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். நேராக அங்கே போனேன். ஆயிரம் வார்த்தை சொல்ல நினைத்துப் போய், ஒன்றும் வராமல் அழுதேன்.

"ச்சீ, எதுக்கு அழுகுற? ஊருக்கெல்லாம் ம்ஹூம் சொல்ற மகள வளத்துட்டு, எனக்கு மட்டும் ம் சொல்லுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"சீட்டு போச்சே அத்தா."

"போனாப் போகுது. நாளைக்குக் கலியாண வீட்டுல எவனாச்சும் ஒன்னயப் பாத்து டிக்கெட்டு கிழிக்கிற வேலையான்னு கேக்கட்டும், இருக்கு அவனுக்கு."

உண்மைதான், அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எனக்குச் சோறு இறங்கியது. அத்தாவோ, எப்போதும்போல, ஏலக்காய்க்காரருக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். ஏலக்காய்க்காரர் ஜெயித்தார்.

மூன்று வருடம் போனது. நாடாளுமன்றத் தேர்தல் வந்தது, மறுபடி அதே தலைவர், அதே ஹெலிகாப்டர் ஏற்பாடு. மாவட்டத்துக்காரர்கள் ஏலக்காய்க்காரரிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். தலைவர் அதைக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு என்னை கார்ல போகச் சொன்னாரே, அவர் எங்கே? அவர்கிட்ட குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். என் மீது எவ்வளவோ பழி வந்த வேலையில், எனக்கு வந்த மெடல் அதுதான்.

அன்றும் நான் டவரில் இருந்தேன். அத்தா திராட்சை மாலை கட்டவில்லை. மகளிர் அணியிடம் முதல்நாளே கோலப்பொடியை வாங்கிவைத்துக்கொண்டார். பொன்னாடை வரிசையில் நின்றவர்களிடம், "எல்லாத்தையும் எங்கிட்ட குடுங்க, வண்டியில போட்டுக்கிருவோம்" என்று அள்ளிக்கொண்டார். முதல் ஆளாக நின்ற ஏலக்காய்க்காரரின் பொன்னாடையையும் விடவில்லை. பிறகு மேடைக்குக் கீழே போய் நின்றுகொண்டு, நேரமானதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். எங்கள் பள்ளத்தாக்கில் பேசுகிற தலைவரை இதுவரை எவனும் நிறுத்தியதில்லை. தலைவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். "ஐயா துண்டத் தூக்கிட்டாரு. இவர் மக டவர்ல உக்காந்திருக்கு. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினேன்னா இன்னைக்கு ராத்திரி எனக்கு உங்க ஊர்லதான் சோறு" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் அடித்த விசில் அடங்க நேரமானது என்று சித்தப்பா சொன்னார்.

டவரில் போன் அடித்தது. பைலட் என்று நினைத்து எடுத்தேன். ஹெலிகாப்டர் எழும்புகிற இரைச்சலுக்கு மேலே அத்தா கத்திக்கொண்டிருந்தார்.

"கெளம்பிருச்சு தாயி. நல்லா வெளிச்சமிருக்கு. எறக்கிக்க."

"சரி அத்தா" என்றேன்.